இருள் மந்திரத்துக்கு என்ன விலை: கடலூர் மேசை ஆட்டக் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டு மொட்டை மாடி. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஆறு பேர் கூடுவோம். நான்கு பேர் உள்ளூர், இரண்டு பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் பிடித்து வருவார்கள். ஆட்டத்தை நடத்துவது நான். ஜி.எம். என்று கூப்பிடுவார்கள். மற்ற ஐவருக்கும் ஆளுக்கொரு கேரக்டர்: மந்திரவாதி, வாள் வீராங்கனை, ஓடக்காரன், வணிகப் பெண், கூலிப்படையிலிருந்து ஓடி வந்த வில்லாளி. யாரும் உடை மாட்டி நடிப்பதில்லை. பேசியே கதையை நகர்த்துவோம், முடிவு தெரியாத இடத்தில் பகடை உருட்டுவோம்.

நாங்கள் ஆட விரும்பியது வாளும் மந்திரமும் கலந்த சாகச வகை. ஆங்கிலத்தில் இந்த வகைக்கு 1961-இல் பெயர் வைத்தவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிரிட்ஸ் லைபர். இதில் நாயகன் உலகத்தைக் காப்பாற்றப் புறப்படுவதில்லை. அடுத்த வேளைச் சோற்றுக்கும் பழைய கடனுக்கும் வாளைத் தூக்குகிறவன். மந்திரம் அரிது, அதைக் கண்டால் எல்லோருக்கும் பயம், அதைத் தொட்டவன் பழைய ஆளாகத் திரும்பி வருவதில்லை.

சந்தையில் கிடைக்கும் ஆட்டங்களில் இந்தப் பயம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போட்ட பாதையில், மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனப்பாடம் செய்வார், பயன்படுத்தியதும் அது மறந்துபோகும், மறுநாள் மறுபடி படித்துக்கொள்வார். ராத்திரி சார்ஜ் போட்டு காலையில் எடுக்கிற போன் மாதிரி. ஆடுவதற்குச் சுலபம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருள் இல்லை. சரி, மந்திரப் பகுதியை மட்டும் நாமே எழுதுவோம் என்று முடிவு செய்தோம். ஒன்பது மாதத்தில் நான்கு வரைவுகள் ஆயின. மூன்றாவது வரைவில் நான் செய்த தவறுக்காகத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

முதல் இரண்டு வரைவுகள்

மந்திரப் பட்டியலுக்கு வெளியே தேட வேண்டியிருக்கவில்லை. நம் மாந்திரிக மரபில் அஷ்டகருமம் இருக்கிறது: வசியம், மோகனம், தம்பனம், ஆகருஷணம், உச்சாடனம், வித்துவேஷணம், பேதனம், மாரணம். வயப்படுத்துவது, மயக்குவது, அசையாமல் நிறுத்துவது, இழுத்து வரவழைப்பது, விரட்டுவது, பகை மூட்டுவது, பிரிப்பது, கொல்வது. ஒரு மனிதன் இன்னொரு மனிதன்மேல் செலுத்த ஆசைப்படும் அதிகாரம் மொத்தமும் இந்த எட்டில் அடங்கிவிடுகிறது. ஆட்டம் வகுப்பவனுக்கு இதைவிட நல்ல சட்டகம் கிடைக்காது என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விலையில்தான் சறுக்கினேன். முதல் வரைவில் மந்திரவாதிக்கு 12 உயிர்ப்புள்ளி. ஒரு மந்திரம் போட்டால் 3 போகும், ஒரு ராத்திரி தூங்கினால் எல்லாம் திரும்பிவிடும். இரண்டு பகடை உருட்டி, கூட 2 சேர்த்து, 7 வந்தாலே மந்திரம் பலிக்கும். அப்படியானால் தவறுவது 36 வாய்ப்பில் 6 மட்டும். ஆறில் ஒரு தடவை. மூன்றாவது அமர்வில் கடற்கொள்ளைத் தலைவனை மந்திரவாதி படகில் ஏறாமலே மாரணத்தால் முடித்துவிட்டார். அந்தத் தலைவனை வைத்து மூன்று வாரத்துக்கான கதையை நான் கட்டி வைத்திருந்தேன். வாள் வீராங்கனையாக ஆடியவர், "நான் வாள உருவுறதுக்குள்ள கதை முடிஞ்சிடுதுண்ணா" என்றார். மற்றவர்கள் போனைப் பார்க்கத் தொடங்கியிருந்ததை நானும் கவனித்திருந்தேன்.

அதற்குப் பதிலாக வந்த இரண்டாம் வரைவில் ‘கறை’ என்று ஒன்று வைத்தேன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு கறை, அது போகவே போகாது, ஏழு சேர்ந்தால் கேரக்டர் உங்கள் கையைவிட்டு என் கைக்கு வந்துவிடும். விளைவு நேர் எதிராகப் போனது. நான்கு அமர்வுகளில் மந்திரம் போட்டது ஒரே ஒரு தடவை. கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளாமல் லாக்கரில் வைத்த நகை மாதிரி எட்டு மந்திரமும் தாளிலேயே கிடந்தன. ஏழுவரை எண்ணும் ஒரு கணக்கு யாரையும் பயமுறுத்தவில்லை, சிக்கனமாக இருக்கத்தான் பழக்கியது.

மூன்றாம் வரைவு

இந்த இரண்டிலிருந்தும் ஒன்று புரிந்தது. மந்திரம் பலிக்குமா என்று பகடை உருட்டுவதுதான் பிழை. பலிக்கட்டும், கட்டாயம் பலிக்கட்டும். உருட்ட வேண்டியது அதன் விலைக்கு. இந்த மாற்றம் வந்ததும் மேசையில் மூச்சுவிடும் விதமே மாறியது. மந்திரவாதியாக ஆடியவர் முதல் முறையாக, "இத செய்யணுமா?" என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு சேர்த்தேன். ஒன்று, ஒவ்வொரு மந்திரத்துக்கும் நிஜமான பொருள்கள்: தலைமுடி, காலடி மண், ஊசி குத்திய எலுமிச்சை, வாசற்படிக்குக் கீழே புதைக்கும் செப்புத் தகடு. எல்லாம் நாங்கள் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவை, அதனால் காட்சி உடனே கண்முன் வந்தது. இரண்டாவது, உருட்டியதில் மொத்தம் 6 அல்லது அதற்குக் கீழே வந்தால் விலை மந்திரவாதிமேல் விழாது, அருகில் இருக்கும் பாவமறியாத ஒருவர்மேல் விழும். இருள் மந்திரத்தின் கொடுமை இதில்தான் இருக்கிறது என்று நம்பினேன். விதி எழுதிய தாளை மூன்று தடவை படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டதும் நினைவிருக்கிறது.

அந்த ஞாயிறு

பகையாளி வணிகன் ஒருவன் வீட்டுக்கு மந்திரவாதி நோய் ஏவினார். அந்தக் கேரக்டரை ஆடுபவர் நல்ல கதைசொல்லி. குரலை இறக்கி, வாசற்படிக்குக் கீழே ஒரு முழம் தோண்டுவதையும், தகட்டைச் சிவப்புத் துணியில் சுற்றுவதையும், கையில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் வைத்துக்கொள்வதையும் ஒன்றொன்றாகச் சொன்னார். பகடையில் 1-ம் 3-ம் விழுந்தன. கூட 2. மொத்தம் 6.

விதிப்படி விலை வேறொருவருக்குப் போக வேண்டும். நான் வணிகனின் தங்கையைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு விடாமல், "தகட்டைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஊரே அவளைத்தான் சொல்கிறது" என்று சேர்த்தேன். அந்தக் கடைசி வாக்கியம் விதியில் இல்லை, என் வாயிலிருந்து வந்தது.

ஓடக்காரனாக ஆடியவர் பென்சிலைக் கீழே வைத்தார். தாளின் விளிம்புக்கு நேராக வரும்படி அதை ஒரு விரலால் சரிசெய்தார். அப்புறம், "நான் கெளம்புறேண்ணா, பஸ் போயிடும்" என்றார். அவர் வீடு நடந்து போகிற தூரம். பஸ்ஸே வேண்டாம். இது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் எதுவும் சொல்லவில்லை. படியில் இறங்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அப்போதும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, இன்னும் அரை மணி நேரம் நடத்தினேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு டீக்கடையில் சந்தித்தோம். இந்த ஆய்வில் தன் கதையை எழுத அவர் அனுமதி கொடுத்திருக்கிறார், அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அவர் சிறுவனாக இருந்தபோது அப்பா படுத்த படுக்கையானார். மருத்துவத்துக்குப் போன பணத்தைவிட மாந்திரிகத்துக்குப் போனது அதிகம். வந்தவர் வாசலைத் தோண்டி ஒரு தகட்டை எடுத்துக் காட்டினார். பழி அத்தைமேல் விழுந்தது. அதோடு போக்குவரத்து நின்றுபோனது. அத்தை இறந்தபோது இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

"அத்தைய திட்டி அனுப்பின அன்னிக்கு நானும் அந்த வாசல்லதாண்ணா நின்னுட்டிருந்தேன்" என்றார். டீ ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தார்.

எங்கே தவறினேன்

ஓர் ஐரோப்பிய ஆட்டக்காரர் மேசையில் சூனியக்காரி வந்தால் அவருக்கு அது பழங்கதையாக இருக்கலாம். நம் ஊரில் செய்வினை என்ற சொல் இன்றும் குடும்பங்களைப் பிரிக்கிறது. சொத்துத் தகராறு, குழந்தையில்லாமை, திடீர் நோய் எதுவானாலும் விரல் ஒரு பெண்ணை நோக்கி நீளுவதைப் பலர் பார்த்திருப்போம். நான் எழுதிய விதி, பழி பாவமறியாத ஒருவர்மேல் விழட்டும் என்றது. அவர் வீட்டில் நடந்ததும் அதுவே. பொருள்களையும் அதே பொருள்களாக வைத்திருந்தேன். ஆட்டம் தொடங்கும் முன் எது வேண்டாம் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. நண்பர்கள்தானே, தெரியாதா என்ற நினைப்பு. ஆறு வருடப் பழக்கத்தில் இந்த அத்தையைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

இரண்டு வாரம் ஆட்டம் இல்லை. மூன்றாவது வாரம் ஆடாமல் பேசுவதற்காக மட்டும் கூடினோம். ஓடக்காரனாக ஆடியவரும் வந்தார்.

மந்திரவாதியாக ஆடியவர் நேராகவே கேட்டார்: "பயமே இல்லன்னா இருள் மந்திரம் எதுக்குண்ணா? எல்லாத்தையும் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?" நியாயமான கேள்வி. பயம் இருக்க வேண்டும், ஆனால் ஒருவருடைய காயத்திலிருந்து அதை எடுக்கக் கூடாது என்பதில் எல்லோரும் ஒத்துப்போனோம். எப்படி என்பது அன்று தெரியவில்லை.

முதலில் மேசைக்கான ஏற்பாடு. இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் கோடு, திரை என்று இரண்டாகப் பிரித்தார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பது மேசைக்கே வராது. திரைக்குப் பின்னால் இருப்பது கதையில் நடக்கலாம், விவரிக்க மாட்டோம். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் கொண்டுவந்தது எக்ஸ் கார்டு: மேசை நடுவில் ஓர் அட்டை, யார் தொட்டாலும் காட்சி அங்கேயே நிற்கும், காரணம் கேட்கக் கூடாது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

வேண்டாதவற்றைப் பெயரில்லாமல் சீட்டில் எழுதி ஒரு சொம்பில் போடச் சொன்னேன். பிரித்தபோது குழந்தை சாவு, வீட்டுப் பெண்மேல் சூனியப் பழி இரண்டும் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயின. பாம்பு திரைக்குப் பின்னால் போனது. ஒரு சீட்டில் ‘கடல் ஊருக்குள் வருவது’ என்றிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்திலும் இந்தக் கரையோர ஊர்களிலும் என்ன நடந்தது என்று கடலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அலையை அழைத்துத் துறைமுகத்தை மூழ்கடிக்கும் மந்திரம் ஒன்று என் பட்டியலில் இருந்தது. நான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான். அந்தத் தாளை அங்கேயே கிழித்தேன். சீட்டை எழுதியது யார் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்தது பொருள்கள். முடி, மண், எலுமிச்சை, தகடு எல்லாம் போயின. அஷ்டகருமத்தின் வினைகளை வைத்துக்கொண்டு மந்திரங்களுக்குப் புதிய உடல் தேடினோம். புதுச்சேரி நண்பர்கள் சொன்னதன்பேரில் ஒரு நாள், புதுச்சேரி அருகே உள்ள பழங்காலத் துறைமுக ஊரான அரிக்கமேடு போனோம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், தோப்புக்குள் கிடக்கும் பழைய செங்கல் சுவர்களுக்கு நடுவே நின்று பேசினோம். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மதுக்குடுவைகளும் இத்தாலியப் பளபளப்பு மட்கலங்களும் கிடைத்தன. சாயத்தொட்டிகள் என்று கருதப்படும் கட்டுமானங்களும் வெளிப்பட்டன. கண்ணாடி மணி செய்ததில் அந்த ஊருக்குத் தனிப் பெயர். மணி, சாயம், உப்பு, உடைந்த குடுவை: இவற்றை வைத்து எங்கள் வீடுகளில் யாரும் யாரையும் பழித்ததில்லை. கற்பனைத் துறைமுகத்தை அரிக்கமேட்டின் சாயலில் அமைத்தோம்.

நான்காம் வரைவு

இப்போது எட்டு மந்திரம் இல்லை, ஐந்துதான். மூன்றைச் சொல்கிறேன்.

நிழல் தோய்த்தல், வசியத்தின் இடத்தில் வந்தது. ஒருவருடைய நிழலைச் சாயத்தொட்டியில் தோய்த்தால் விடியும்வரை அவர் சொன்னபடி நடப்பார். விலை ஒரு நிறம். அதன்பிறகு அந்த மந்திரவாதிக்கு அந்த நிறம் என்றைக்கும் தெரியாது. எங்கள் மந்திரவாதி சிவப்பைக் கொடுத்தார். இரண்டு அமர்வு கழித்து, நண்பனின் சட்டையில் நனைந்திருப்பது தண்ணீரா ரத்தமா என்று அவரால் சொல்ல முடியாமல் போன காட்சி வந்தது. அதை நான் திட்டமிடவில்லை.

உப்பு வாய், ஒருவர் பேச்சைத் தம்பனம் செய்வது. விலை, போட்டவர் நாக்கின் சுவை. பார்க்கச் சின்னதாகத் தெரியும். வணிகப் பெண்ணாக ஆடியவர் தன் கேரக்டர் ஊர் திரும்பி அம்மா கையால் மீன் குழம்பு சாப்பிடும் காட்சியை ஆடியபோதுதான் அது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது.

மணி கோத்தல்தான் இவற்றில் கனமானது. இறந்தவரை வரவழைத்துக் கேள்வி கேட்பது, ஆகருஷணத்தின் இடம். ஒரு பதிலுக்கு ஒரு நினைவு விலை. முதல் சோதனையில் மந்திரவாதி ‘நேற்று சாப்பிட்டது’ என்று ஒரு நினைவை எழுதிக் கொடுத்துவிட்டு ஜாலியாக மூன்று கேள்வி கேட்டார். ஓட்டை எங்கே என்று உடனே தெரிந்தது. இப்போது கேரக்டர் உருவாக்கும்போதே ஒவ்வொருவரும் ஒன்பது நினைவுகளை ஒன்பது சீட்டில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி மணியைக் கட்டிச் சொம்பில் போட்டுவிட வேண்டும். விலை கேட்கும்போது எடுப்பது மந்திரவாதி இல்லை, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்.

பகடையையும் மாற்றினோம். வில்லாளியாக ஆடுபவர் பாட்டி வீட்டுப் பித்தளைத் தாயக்கட்டையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என நான்கு முகம், இரண்டையும் சேர்த்து 16 வாய்ப்பு. தாயம் ஆடியவர்களுக்குத் தெரியும்: ஒன்று, ஐந்து, ஆறு விழுந்தாலோ, இரண்டும் வெறுமையாக விழுந்து பன்னிரண்டு ஆனாலோ இன்னொரு ஆட்டம் கிடைக்கும். வீட்டில் கூச்சல் கிளம்பும் இடம் அது. எங்கள் ஆட்டத்தில் அந்த எண்கள் விழுந்தால் மந்திரம் இன்னொரு விலை கேட்கும், மறுபடி உருட்ட வேண்டும். 2, 3, 4 விழுந்தால்தான் நிற்கும். நிற்பது 16-இல் 10. மேலும் கேட்பது 16-இல் 6. இரண்டு அல்லது அதற்கு மேல் கூடுதல் விலை போவது ஏறக்குறைய ஏழில் ஒரு தடவை. நிம்மதியாகவும் இருக்க முடியாது, ஒதுங்கவும் தோன்றாது. முதல் வரைவின் மலிவுக்கும் இரண்டாம் வரைவின் பூட்டுக்கும் நடுவில் வந்து நின்றது இந்தக் கணக்கு. தாயம் விழுந்தும் மேசையில் ஒருவரும் கத்தாமல் இருந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

தொடர்ந்து நடந்தது

நான்காம் வரைவின் மூன்றாவது அமர்வு. கொல்லப்பட்ட மாலுமி ஒருவனிடம் மந்திரவாதி ஒரு கேள்வி கேட்டார். கட்டையில் ஐந்து, அப்புறம் மூன்று. ஆக இரண்டு நினைவு. அவருக்கு இடப்பக்கம் இருந்தவர் ஓடக்காரனாக ஆடுபவர். முதல் சீட்டு ‘திருவிழாவில் தொலைந்து போனது’. இரண்டாவதை எடுத்துப் படித்தார்: ‘அப்பாவின் குரல்’. சீட்டை உடனே கீழே வைக்கவில்லை. மணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார். எக்ஸ் கார்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். தொடவில்லை.

"இத திருப்பி உள்ள போட்டுட்டு, ஓடக்காரன்து ஒண்ண குடுக்கலாமாண்ணா?" என்று கேட்டார்.

விதியில் அப்படி ஒன்றும் இல்லை. மந்திரவாதியாக ஆடுபவர் என்னைப் பார்த்தார். கொடுக்கலாம் என்றேன். ஓடக்காரன் தன் சீட்டிலிருந்து தானே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாய்விட்டுப் படிக்காமல், மணியை மட்டும் அவிழ்த்து மேசையில் வைத்தான்.

மூன்றாம் வரைவில் விலை இன்னொருவர்மேல், அவருக்குத் தெரியாமல், விருப்பமில்லாமல் விழுந்தது. இங்கே இன்னொருவர் தானாக ஏற்றுக்கொள்கிறார். அன்று இரவே அதை விதியாக எழுதினேன்: எந்த விலையையும் வேறு எந்த கேரக்டரும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். யாரும் யார்மேலும் தள்ள முடியாது. அதன்பிறகு நடந்த அமர்வுகளில் மந்திரம் போடுவதற்கு முன் மேசையில் ஒரு பேச்சு நடக்கிறது, யார் எதைத் தாங்க முடியும் என்று. வாள் வீராங்கனை யாருக்காகவோ தன் இடக்கையின் தொடு உணர்வைக் கொடுத்திருக்கிறாள். போன் யார் கையிலும் இல்லை.

மறுபடி செய்தால்

பேச்சு அமர்வை முதல் நாளே வைப்பேன், எவ்வளவு பழகிய குழுவாக இருந்தாலும். சீட்டைப் பெயரில்லாமல் எழுதச் சொல்வேன். கடல் பற்றிய அந்தச் சீட்டு வாய்விட்டுக் கேட்டிருந்தால் வந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஒருவர் பென்சிலைக் கீழே வைத்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துவேன். அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

வடிவமைப்பில், முதலில் விலையை எழுதிவிட்டு அப்புறம்தான் மந்திரத்துக்கே வருவேன். எட்டை விட்டு ஐந்தில் நின்றதில் வருத்தமில்லை, மாரணம் இல்லாமலே ஆட்டம் நடக்கிறது. உச்சாடனத்துக்கு மட்டும் இன்னும் சரியான உடல் கிடைக்கவில்லை. உடைந்த மதுக்குடுவை ஓட்டை வைத்து ஓடக்காரனாக ஆடுபவர் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார். விலை மட்டும் இன்னும் முடிவாகவில்லையாம், வரும் ஞாயிறு கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.